பதில் சொல்லக் கூடாத நாள்

ஒரு வீட்டில் பெண் வேலை செய்யவில்லை என்பதை அரசாங்கத்துக்கு எப்படி நிரூபிப்பது என்று கூலமார் மகளிர் குழு நான்கு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

ஜனவரி ஆறாம் தேதி பெண்களின் கிறிஸ்துமஸ். பன்னிரண்டு நாள் சமைத்து, துடைத்து, வந்த சொந்தங்களை வழியனுப்பி ஓய்ந்த பிறகு வரும் நாள். அன்றைக்கு அடுப்பு ஆண்கள் பொறுப்பு. பெண்கள் கோட்டை மாட்டிக்கொண்டு துறைமுகத்தை ஒட்டிய ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அயர்லாந்தின் அந்தத் தென்மேற்கு மூலையில் எல்லோருக்கும் தெரிந்த நாள்தான். ஆனால் மாவட்ட நிர்வாகமான கவுண்டி கவுன்சில் அச்சடிக்கும் காலண்டரில் அது இல்லை. கொடி இல்லை, விடுமுறை இல்லை. மீன் பதப்படுத்தும் ஆலைக்குப் போகும் பெண்கள் அன்றைக்கும் ஆறு மணிக்கு பஸ் ஏறினார்கள்.

காலண்டரில் ஏற்றியே தீருவது என்று கிளம்பியவள் கன்செப்டா ஓ'டிரிஸ்கல். முப்பத்தேழு வருடம் தபால் அலுவலகத்தை நடத்தி ஓய்வு பெற்றவள். முத்திரை விழாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவள். தன் கல்யாணத்தையே பதிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் நம்பினாள் என்று அவள் கணவர் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காவது வருடம் நவம்பரில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்தால் அங்கீகரிக்கலாம். அதற்காக ஓர் அதிகாரி ஜனவரி ஆறு அன்று ஒரு வீட்டில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உட்கார்ந்து பார்ப்பார். அந்த வீட்டுப் பெண் எந்த வீட்டு வேலையும் செய்யக் கூடாது. செய்தால் பழக்கம் வழக்கொழிந்ததாகக் கருதப்படும், விண்ணப்பம் தள்ளுபடி. சம்மதக் கடிதத்தில் வீட்டுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டு பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு டீக்கெட்டிலில் போட்டுக் குலுக்கினார்கள். டிம்ப்னா லூசியின் பெயர் வந்தது.

"நல்லதாப் போச்சு, பொண்ணே," என்றாள் கன்செப்டா. அந்த ஊரில் எழுபது வயதுக்காரியும் இன்னொரு எழுபது வயதுக்காரியைப் பொண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "உன் ஃபின்பார் மாதிரி ஆள் இந்த ஊர்ல எவளுக்கு வாய்ச்சிருக்கு? வருஷா வருஷம் அன்னைக்கு அவனே சமைக்கிறானாமே!"

டிம்ப்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

முப்பத்தோரு வருடமாக ஜனவரி ஐந்தாம் தேதி சாயங்காலம் அவள் ஆட்டுக்கறி ஸ்டூ வைத்துவிடுவாள். மூடியின் மேல் ஒரு சீட்டு: மெல்லிய தீ, ஒரு மணி நேரம், இடையிடையே கிளறு. மறுநாள் ஃபின்பார் அதைச் சூடு பண்ணுவான். இரண்டரை மணிக்கு அவள் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஹோட்டலிலிருந்து வந்து, பாத்திரத்தைக் கழுவிப்போட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். மூக்குக் கண்ணாடி அவள் பையிலேயே இருக்கும். தான் சமைப்பதாகத்தான் ஃபின்பாரும் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் அதைத் திருத்தியதில்லை. பொய் சொல்கிறோம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அது வெறும் முன்னேற்பாடு. மழை வரும் என்று துணியை எடுத்து உள்ளே போடுவதில்லையா, அது மாதிரி.

ஒன்று மட்டும் அவளுக்கு எப்போதும் உறுத்தும். ஹோட்டல் மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது, சோப்பு வாசனைக்கும் சென்ட் வாசனைக்கும் அடியில், பன்னிரண்டு ஜோடிக் கைகளிலிருந்தும் வெங்காய வாசனை வரும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் கன்செப்டா. "முந்தின நாளே ஆக்கி வெச்சிடற ஜோலியெல்லாம் வேணாம். வர்ற அதிகாரி ஐஸ்பெட்டியைத் திறந்து பாப்பானாம். மாட்டினா நாலு வருஷம் தண்ணியில போச்சு. உன்னாலதான் போச்சுன்னு ஊரே சொல்லும்."

"நான் எதுக்கு ஆக்கி வெக்கப் போறேன்?" என்றாள் டிம்ப்னா.

ஐந்தாம் தேதி சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்து அவள் நினைவுக்கு வருவது கையோடு பழகிப்போன அந்தச் சின்னக் கத்தியும், பாதி நறுக்கிய வெங்காயமும்தான். கைகள் அவளைக் கேட்கவில்லை. கைகளைத் திட்டிக்கொண்டே கறியை வதக்கினாள். ஃபின்பார் பசித்துக் கிடப்பானே என்ற கவலையா என்றால், அதுகூட இல்லை. அவன் ஒரு நாள் பட்டினி கிடந்தால் செத்துவிட மாட்டான். அந்தப் பானை இல்லாமல் ஆறாம் தேதியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போவது போல இருந்தது.

வெந்ததும் பானையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொழுவத்தின் கோடியில் இருந்த தீவன அறையில், குளிர்ந்த கல்மேடையில் வைத்து, சாக்கைப் போட்டு மூடினாள். மூடியில் சீட்டையும் ஒட்டியிருந்தாள். அதுவும் கைகள் செய்த வேலைதான்.

அதிகாரியின் பெயர் ஹாலிசி. நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட காலர். எட்டரை மணிக்கே சின்னக் காரில் வந்து, மடக்கு நாற்காலியை அடுப்புக்கு எதிரே விரித்து, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு காத்திருந்தார். எட்டு நாற்பத்தொன்றுக்கு, "சூரியன் வந்தாச்சு," என்றார். வெளியே கருமேகம். சூரியன் வந்ததற்கு அவர் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

டிம்ப்னா ஃபின்பாரின் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்த மெத்தையைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

ஹாலிசியின் பேனா உயர்ந்தது. "அது வீட்டை ஒழுங்குபடுத்தறதா, சௌகரியத்துக்கா?"

"முதுகு வலிக்குது சார்."

"சௌகரியம்," என்று எழுதிக்கொண்டார்.

ஃபின்பார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறை நடுவில் நின்றான். பிரசவத்தில் சிக்கிய கன்றைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி வெளியே எடுக்கத் தெரிந்தவன். டிராக்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன். மூன்று அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "டிம்ப்னா, டீத்தூள் எங்க?" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள்.

"வேணாம்மா," என்றார் ஹாலிசி. "எது எங்க இருக்குன்னு பதில் சொல்றது மேற்பார்வை. மேற்பார்வையும் வேலைதான். விதி ஏழு."

"அப்ப நான் யாரைக் கேக்கறது?" என்றான் ஃபின்பார்.

"அது விதியில இல்ல சார். நீங்க கேக்கலாம். அவங்க சொல்லக் கூடாது."

ஃபின்பார் கேட்டான். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் நாற்பத்து மூன்று கேள்விகள் கேட்டதாக ஹாலிசியின் தாளில் இருக்கிறது. நான்கு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு எண்ணினார். உப்பு எங்கே. பெரிய கத்தி எங்கே. இந்த அடுப்புக்கு எந்தக் கதவில் கரி போடுவது. இது மாவா, சோப்புத்தூளா. வடிகட்டி என்று ஒன்று இருந்ததே, அதை விற்றுவிட்டாயா. திறந்த அலமாரிக் கதவு எதையும் அவன் மூடவில்லை. பதினொரு மணிக்கு சமையலறை சிறகு விரித்த கோழி மாதிரி நின்றது. வடிகட்டி கிடைக்காமல், மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய டென்னிஸ் மட்டையில் உருளைக்கிழங்கை வடித்தான்.

"அது வேலை செய்யுது பாருங்க!" என்றான் ஹாலிசியிடம்.

"குறிச்சுக்கிட்டேன் சார்."

டிம்ப்னாவின் தொண்டைக்குள் பதில்கள் வரிசை கட்டி நின்றன. தேநீர்த்தூள் நீல டப்பாவில். பெரிய கத்தி ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால். வடிகட்டி உன் தலைக்கு மேலே தொங்குகிறது, ஃபின்பார், நிமிர்ந்தால் இடிக்கும். முதல் ஒரு மணி நேரம் அந்தப் பதில்களை விழுங்குவது இருமலை அடக்குவது போல இருந்தது. பிறகுதான் வேறொன்றைக் கவனித்தாள். இத்தனை வருடம் தன்னை வேலை செய்கிறவள் என்று நினைத்திருந்தாள். கை ஓய்ந்தால் வேலை ஓய்ந்தது என்று நினைத்திருந்தாள். ஆனால் இந்தச் சாய்வு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதும், அவளுக்குள் யாரோ ஒருத்தி ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்து, இதோ, இதோ என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஹோட்டலில் சிரித்துக்கொண்டிருக்கும்போதும் அவள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பன்னிரண்டு மணிவாக்கில் அவளுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தவள் மூச்சு வாங்கி நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் டிம்ப்னாவைப் பார்த்தாள். டிம்ப்னாவுக்கும் தெரியவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் சன்னலில் மழையைப் பார்த்தார்கள்.

ஒரு மணிக்கு அவன் அடுப்பில் வைத்திருந்த கோழி கருகியது. வெளியே கரி, உள்ளே ரத்தம். புகையில் மூன்று பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

"நீங்க சாப்பாடு கொண்டு வரலையா சார்?" என்றான் ஃபின்பார்.

ஹாலிசி நெளிந்தார். "தினமும் எங்கம்மாதான் கட்டிக் குடுப்பாங்க. இன்னைக்குக் கேட்டேன். 'இன்னைக்கு என்ன நாள்னு பாக்கத்தானேடா கவர்மெண்ட்டு உன்னை அனுப்புது'ன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டாங்க." கொஞ்சம் தயங்கி, டிம்ப்னா பக்கம் குனிந்து, "அம்மா, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார்.

டிம்ப்னா அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஹாலிசிக்குக் காது சிவந்தது. தன் விதியைத் தானே மீறச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஃபின்பாரைக் கேட்டிருக்கலாம்; அவன் மேல்கூரைச் சன்னலைத் திறந்து புகையை விரட்ட மாடிக்குப் போயிருந்தான். கதவைத் திறந்துகொண்டு, மழையில் காலரைத் தூக்கிவிட்டபடி ஹாலிசி தொழுவத்துப் பக்கம் ஓடினார்.

அந்த ஐந்து நிமிடம் டிம்ப்னாவின் வாழ்க்கையிலேயே நீளமானது. எழுந்து ஓடித் தடுக்கலாம். எழுந்தால் அது வேலையா, சௌகரியமா?

அவர் திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் பானையை ஏந்தியிருந்தார். மூடியின் மேல் சீட்டு நனைந்து சுருண்டிருந்தது.

"இது என்ன?" என்றார். "யார் சமைச்சது? எப்போ?"

டிம்ப்னா பேசவில்லை. இந்த முறை விதி ஏழு அவளைக் காப்பாற்றுகிறதா, தூக்கில் போடுகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. கன்செப்டாவின் முகம் கண் முன்னால் வந்தது. ஹோட்டல் மேசை வந்தது. ஆலைப் பெண்கள் ஏறும் ஆறு மணி பஸ் வந்தது.

ஃபின்பார் மாடிப்படியில் பாதியில் நின்றிருந்தான். பானையைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். மெல்ல மெல்ல, முப்பத்தோரு வருடப் பானைகளும் யார் வைத்தவை என்பது அவன் முகத்தில் ஏறி வந்தது.

"நான்தான்," என்றான். "நான் சமைச்சது. எனக்கு நானே சீட்டு எழுதி வெச்சுப்பேன். மறதி."

"இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?"

"ஆட்டுக்கறி. உருளைக்கிழங்கு. வெங்காயம்." ஃபின்பார் கண்ணை மூடிக்கொண்டான். நாக்கால் தேடுகிறான் என்று டிம்ப்னாவுக்குத் தெரிந்தது. "கேரட்டு. அப்புறம்... பல்லுல மாட்டிக்குமே ஒரு இலை, அது."

"எவ்வளவு நேரம் கொதிக்க வெச்சீங்க?"

"வேகற வரைக்கும்."

பிறந்ததிலிருந்து அடுப்புப் பக்கமே போகாத ஹாலிசி, அது சரியான பதில் என்று தலையாட்டி எழுதிக்கொண்டார்.

ஃபின்பார் சூடு பண்ணினான். சீட்டில் இருந்தபடி, மெல்லிய தீயில், ஒரு மணி நேரம், இடையிடையே கிளறி. ஹாலிசி மூன்று கிண்ணம் சாப்பிட்டார். நாலாவது கிண்ணத்துக்குப் பானையை எட்டிப் பார்த்தார். டிம்ப்னாவுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. எல்லோருக்கும் போட்டுவிட்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஆறிப்போன பிறகு சாப்பிடும் பொருளாகத்தான் அந்த ஸ்டூவை அவள் அறிந்திருந்தாள். சூடாக இருந்தால் அதற்கு இப்படி ஒரு ருசி இருக்கும் என்று தெரியாது. நன்றாக இருந்தது. 'யார் வைத்தது' என்று ஒரு கணம் பாராட்டத் தோன்றி, நிறுத்திக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு ஃபின்பார் டீ போட்டான். கோப்பையோடு அவள் முன்னால் வந்து நின்று, "டிம்ப்னா," என்றான். குரல் தணிந்திருந்தது. "உனக்கு டீ எப்படிப் போடணும்?"

ஹாலிசி அவசரமாகத் தாளைப் புரட்டினார். இந்தக் கேள்வி எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று அவருக்குப் புரியவில்லை. பேனாவை எடுத்தார், வைத்தார். கடைசியில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிம்ப்னாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் வந்தது கோபம் இல்லை, திகைப்பு. பதிலைத் தேடி உள்ளே போனாள். அங்கே எதுவும் இல்லை. ஃபின்பாருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, பால் குறைவு. கன்செப்டாவுக்குப் பால் இல்லாமல், கடுங்கறுப்பாக. பாதிரியாருக்குப் பாலிலேயே கொதிக்க வேண்டும். ஊரில் யாருக்கு எப்படி என்று கேட்டாலும் அவளுக்குத் தெரியும். தனக்கு? எல்லோருக்கும் ஊற்றிய பிறகு கெட்டிலின் அடியில் மிஞ்சியதை, ஜாடியில் பால் மிஞ்சினால் பாலோடு, இல்லாவிட்டால் இல்லாமல், நின்றுகொண்டே குடிப்பாள். அதுதான் அவள் டீ. விதி ஏழு இல்லாமல் இருந்திருந்தாலும் அவளால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஃபின்பார் காத்திருந்து பார்த்துவிட்டு, மூன்று கோப்பைகளில் மூன்று விதமாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் மூன்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக ஆறின.

நாலு முப்பத்தைந்துக்கு ஹாலிசி, "சூரியன் போயாச்சு," என்று சொல்லி நாற்காலியை மடக்கினார்.

ஃபின்பார் அன்றைக்குப் பானையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், "அந்த இலைக்குப் பேரு என்ன?" என்றான். "தைம்," என்றாள். "ஓ," என்றான். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

மார்ச் மாதம் கவுன்சிலின் கடிதம் வந்தது. குழுவை வரவழைத்து கன்செப்டா நின்றுகொண்டே வாசித்தாள். பழக்கம் உயிரோடு இருப்பதாக அதிகாரி உறுதி செய்கிறார். "'குறிப்பாக, திரு. ஃபின்பார் லூசி தம் கைப்படத் தயாரித்திருந்த ஆட்டுக்கறி ஸ்டூ, இப்பழக்கம் இம்மாவட்டத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு மறுக்க முடியாத சான்று.'"

கன்செப்டா கண்ணாடிக்கு மேலாக டிம்ப்னாவைப் பார்த்தாள். மற்ற பத்துப் பெண்களும் பார்த்தார்கள். கேள்வி எல்லோர் வாயிலும் இருந்தது. பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கடிதம் மேலும் சொன்னது: அடுத்த ஜனவரி ஆறு, ஹோட்டலுக்கு எதிரே உள்ள ஊர்ப் பொதுமண்டபத்தில் தொடக்க விழா. பகல் இரண்டு மணிக்குக் கவுன்சில் தலைவர் அங்கீகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். ஆண்களே சமைப்பார்கள். திரு. லூசியின் ஸ்டூ, நூற்றைம்பது பேருக்கு.

ஃபின்பார் பிரபலமானான். முதலில் வெட்கப்பட்டான். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல," என்று மழுப்பினான். கோடைக்காலத்துக்குள் மழுப்பல் குறைந்தது. அக்டோபரில் உள்ளூர் வானொலிக்காரர்கள் அவனைப் பேட்டி எடுத்தார்கள்.

"உங்க ஸ்டூவோட ரகசியம் என்ன, மிஸ்டர் லூசி?"

"பொறுமைதான்," என்றது வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து ஃபின்பாரின் குரல். "நிறைய பேரு அவசரப்பட்டு கெடுத்துடறாங்க. ஒரு இலை இருக்கு, தைம்னு. அதைச் சொல்லுவேன் நான்."

டிம்ப்னா அப்போது இரவுச் சாப்பாட்டுக்கு ஸ்டூ கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை எடுத்துத் தட்டிவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. அவன் உண்மையிலேயே நம்பத் தொடங்கியிருந்தான். ஆறாம் தேதி பானை வந்துவிடும், எப்போதும் வந்திருக்கிறது, மழை வருவது போல, கன்று ஈனுவது போல. அதை எதிர்பார்ப்பதில் அவனுக்குக் கள்ளம் ஏதும் இல்லை. இப்படி நம்ப வைத்தது யார்? கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

மறுபடி ஜனவரி ஐந்து வந்தது. சாயங்காலம் நான்கு மணி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நான்கேகாலுக்கு விரல்கள் துடித்தன. நான்கரைக்கு உள்ளே இருந்தவள் ஓடி வந்து, நூற்றைம்பது பேர், டிம்ப்னா, கையெழுத்து, முத்திரை, ஆறு மணி பஸ், என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எல்லாம் உண்மைதான். ஒரு பானை வைத்தால் எல்லாம் நடந்துவிடும். ஒரு பானை வைத்தால் காலண்டரில் ஏறும் நாள் எது? அதைத்தான் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாம் தேதி அல்லவா அது?

ஐந்து மணிக்கு ஃபின்பார் எட்டிப் பார்த்தான். "என்ன, எதுவும் ஆரம்பிக்கலையா?"

"எதை?"

"இல்ல... சும்மா கேட்டேன்," என்று போய்விட்டான்.

அவள் கைகள் மரத்துப்போயிருந்தன.

மறுநாள் காலை வெளுக்கத் தொடங்கியதும், சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபின்பார் விழாவுக்கான கோட்டு சூட்டோடு, நூற்றைம்பது பேருக்கான பானையை ஏற்ற வசதியாகத் தள்ளுவண்டியையும் உருட்டிக்கொண்டு விசிலடித்தபடி தீவன அறைக்குள் போனான். விசில் நின்றது. வெகு நேரம் கழித்து வெளியே வந்தான். வண்டியில் ஒரு காலிச் சாக்கு கிடந்தது.

"டிம்ப்னா!" கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "பானை... நான் நெனச்சேன்... சரி விடு. வெங்காயம் எத்தனை போடணும்? நூத்தம்பது பேருக்கு? அதை மட்டும் சொல்லிடு!"

அவள் கோட்டைப் போட்டு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். சுவர்க் கடிகாரத்தை விரலால் காட்டினாள். எட்டு நாற்பத்தைந்து. சூரியன் வந்துவிட்டிருந்தது.

"விதி ஏழு," என்றான் ஃபின்பார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "ஐயோ கடவுளே. நான் ரேடியோவுல வேற பேசிட்டேனே."

அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு வலித்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் கோட்டுக்குள் போட்டு மூடிக்கொண்டு நடந்தாள்.

ஹோட்டலில் மற்றவர்கள் வந்திருந்தார்கள். அவள் கையுறையைக் கழற்றி மேசைமேல் கைகளை வைத்தாள். பக்கத்தில் இருந்த கன்செப்டா மூக்கை உறிஞ்சினாள். இன்னும் ஒருமுறை உறிஞ்சினாள்.

"உன் கையில வாசனையே இல்லையே, பொண்ணே," என்றாள் மெதுவாக.

"இல்ல."

"ஒண்ணுமே ஆக்கி வெக்கலையா?"

"இல்ல."

கோடியில் இருந்த மெக்கானிக்கின் மனைவி கெரிட்டா, "எனக்கு வருஷா வருஷம் கார் டிக்கிக்குள்ளதான்," என்றாள் திடீரென்று. "ஸ்பேர் டயர் மேல."

"எனக்கு சர்ச் உடை மாத்தற அறையில," என்றாள் இன்னொருத்தி. "பாதிரியாருக்குத் தெரியும். அவருக்கும் ஒரு கிண்ணம்."

அதற்குப் பிறகு அந்த மேசையில் எழுந்த சிரிப்பைக் கேட்டு ஹோட்டல் நாய் வெளியே ஓடிவிட்டது. கன்செப்டா மட்டும் சிரிக்கவில்லை. கவுண்டரில் இருந்த போன் அடித்தது. பரிமாறும் பெண் எடுத்துக் கேட்டுவிட்டு, போன் வாயைக் கையால் மூடிக்கொண்டு கூப்பிட்டாள். "டிம்ப்னா! மண்டபத்துலேருந்து ஹாலிசி சார். கறியை முதல்ல போடணுமா கிழங்கை முதல்ல போடணுமான்னு கேக்கறார். அழுற மாதிரி இருக்கார்."

"பேசிடு, பொண்ணே," என்றாள் கன்செப்டா. "ஒரே ஒரு வார்த்தை. ரெண்டு மணிக்கு முத்திரை. அஞ்சு வருஷம், டிம்ப்னா."

"இன்னைக்கு ஆறாம் தேதி, கன்செப்டா."

பரிமாறும் பெண் போனை வைத்தாள். உடனே மறுபடி அடித்தது. முப்பத்தேழு வருடம் தபால் அலுவலகப் போனை மூன்றாவது மணி அடிக்க விடாத கன்செப்டா பாதி எழுந்துவிட்டாள். நின்றாள். எதிரே சன்னல் வழியாகப் பொதுமண்டபம் தெரிந்தது. அதன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து நீராவியும் புகையும் கூச்சலும் வந்தன. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபின்பார் கையில் டென்னிஸ் மட்டையோடு ஓடினான். அவனுக்குப் பின்னால் ஒரு கவுன்சிலர் தவறான மூட்டையை இழுத்துக்கொண்டு போனார். பின்படியில், மழைக்குக் கூரை ஓரம் ஒதுங்கி, கழுத்தில் பதவிச் சங்கிலி தொங்க, ஒரு கனத்த மனிதர் வாளி முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். பாதிக் கிழங்கு தோலோடு போய்க்கொண்டிருந்தது.

"அந்தச் சங்கிலிக்காரர்தானே கையெழுத்துப் போடணும்?" என்றாள் கெரிட்டா.

"ஆமா," என்றாள் கன்செப்டா. சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாக உட்கார்ந்தாள். "முதல்ல கையைக் கழுவட்டும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பரிமாறும் பெண் தட்டோடு வந்து டிம்ப்னாவின் பக்கத்தில் நின்றாள்.

"உங்களுக்கு டீ எப்படிம்மா? பாலோட கொண்டு வரட்டா, பால் இல்லாமலா?"

டிம்ப்னா யோசித்தாள்.

"முதல்ல கொதிக்கக் கொதிக்கக் கொண்டா," என்றாள். "பாலைத் தனியா வை. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."